கருவியும் கருத்தும்: புளியந்தீவின் அன்றாட அபிப்பிராயங்களை வரலாற்றுச் சான்றாக நோக்குதல்

1

புளியந்தீவின் கடைத்தெருக்களிலே சிறிது நேரம் நிற்பவர் எவரும் தொழினுட்பம் பற்றிய தீர்ப்புகள் பலவற்றைக் கேட்கலாம். இந்தக் கைத்தொலைபேசியின் பற்றரி ஒரு நாளுக்குத் தாங்காது. அந்தக் கம்பனியின் 'கவரேஜ்' வாவிக்கு அப்பால் கிடைக்காது. டேட்டாவுக்குப் போட்ட காசு எங்கே போகிறதென்று விளங்கவில்லை. 'கேம்' பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது. தொலைபேசி திருத்தும் கடையின் மேசையருகிலும், பேருந்து நிலையத்திலும், ரியூசன் வகுப்பு முடியும்வரை வாசலிற் காத்திருக்கும் பெற்றோரிடையேயும் நாள்தோறும் பேசப்படும் கருத்துகள் இவை. பேசியவர்களே மறுநாள் இவற்றை மறந்துவிடுவர்.

நமது ஆய்வாளர்கள் இத்தகைய பேச்சைப் பொருட்படுத்துவதில்லை. கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் கோயிற் பத்ததியையும் சான்றாகக் கொள்ளப் பழகிய நாம், வாழும் மக்கள் தாம் வாங்கும் பொருளைப் பற்றிச் சொல்வதை வெறும் அரட்டை எனத் தள்ளிவிடுகிறோம். எனினும், ஒரு சமூகம் தன் காலத்துப் பொருளியல் உறவுகளை எவ்வாறு அனுபவித்தது என்பதை அறிவதற்கு இதனினும் நேரடியான சான்று அரிதென்றே கூறவேண்டும்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது ஒன்றே. ஒரு கருவியைப் பற்றி மக்கள் கூறும் கருத்து, அக்கருவியின் இயல்பைக் காட்டிலும், அது எத்தகைய நிபந்தனைகளின் கீழ் அவர்களை வந்தடைந்தது என்பதையே துல்லியமாகப் பதிவு செய்கின்றது. எப்போது வந்தது, எம்மொழியிற் பேசிற்று, அதனைத் திறக்கவும் மூடவும் வல்ல விசை எவர் கையில் இருந்தது என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு நோக்கும்போது, முரண்பட்டனவாகத் தோன்றும் அபிப்பிராயங்கள் ஒழுங்கான ஒரு வரலாறாக அமைவதைக் காணலாம்.

பிரித்தானிய விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ், தொலைக்காட்சி பற்றி 1974இல் வெளியிட்ட நூலில், தொழினுட்பத்தைச் சமூகத்திற்குப் புறம்பே தோன்றித் தானாகவே விளைவுகளை உண்டாக்கும் ஒரு சக்தியாகக் கருதும் போக்கை மறுத்தார். நமது பேராசிரியர் கா. சிவத்தம்பி 1980களின் தொடக்கத்தில் தமிழ்ச் சினிமாவை ஓர் அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து வழிகாட்டினார். அவ்வழியிற் சிறு நகரொன்றின் அனுபவத்தை நோக்குவதே இம்முயற்சி.

2

புளியந்தீவின் புவியியலை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். மட்டக்களப்பு வாவியால் சூழப்பட்ட இச்சிறு தீவிலேதான் போர்த்துக்கேயர் 1628இற் கோட்டையமைத்தனர். 1638இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். பிரித்தானியர் காலத்தில் கச்சேரியும் நீதிமன்றமும் மிசன் பாடசாலைகளும் இந்நகரில் வேரூன்றின. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும் புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தொடங்கப்பட்டவை. கல்லடிப் பாலம் 1924இல் அமைந்தது. புகையிரதப் பாதை 1928இல் மட்டக்களப்பை எட்டியது.

வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு மக்கள் இட்ட இப்பெயர்கள் காலப்போக்கில் இரு வேறு பொருளாதார நிலைகளையும் குறிக்கலாயின. மின்சாரம், தார்வீதி, வைத்தியசாலை, தொலைபேசி ஆகிய யாவும் புளியந்தீவுக்கு முதலிலும், எழுவான்கரைக்கு அடுத்தும், படுவான்கரைக்கு மிகப் பிந்தியுமே கிடைத்தன. நகரவாசி பழையதென எறிந்த பொருள் வாவியைக் கடந்து புதுப்பொருளாவது இங்கு வழமை. எனவே ஒரே கருவி பற்றி வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு கருத்துகள் நிலவியதில் வியப்பில்லை. அவை வெவ்வேறு ஆண்டுகளுக்கு உரியவை எனலாம்.

3

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமாயிற்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் அதற்கு மூலவராக விளங்கினார். 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாக உருப்பெற்றது. 1967இற் கூட்டுத்தாபனமாக மாறியது. ஆரம்ப காலத்தில் வானொலிப்பெட்டி உத்தியோகத்தர், வணிகர், போடியார் ஆகியோரது வீடுகளுக்குரிய பொருளாகவே இருந்தது. அதைக் கேட்பதற்கு ஏனையோர் அவ்வீட்டு முற்றத்திற் கூடவேண்டியிருந்தது. பெட்டியின் சொந்தக்காரரே நிலையத்தைத் தெரிவுசெய்வார். அவர் நித்திரைக்குப் போகும்போது நிகழ்ச்சியும் முடியும்.

திரான்சிஸ்ரர் இந்நிலையை மாற்றியது. உலர் பற்றரியில் இயங்கும் சிறு பெட்டி, மின்கம்பம் நாட்டப்படாத ஊருக்கும் சென்றது. வயற்காவலுக்குச் செல்வோனும் வாவியில் வலை வீசுவோனும் நெசவு செய்யும் பெண்ணும் ஒரே வேளையில் ஒரே குரலைக் கேட்கும் நிலை தோன்றிற்று. இக்கட்டத்திலேதான் 'கெட்டுப்போதல்' என்ற சொல் கருவிகளோடு இறுக இணைவதைக் காண்கிறோம். சினிமாப் பாட்டுக் கேட்டு இளைஞர் கெடுகின்றனர், கூத்து அழிகின்றது என்னும் முறைப்பாடு எழுந்தது.

இம்முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் நலிவுற்றதற்கு, அவற்றைத் தாங்கிநின்ற நிலவுடைமை உறவுகளும் சாதி ஒழுங்குகளும் தளர்ந்தமையும், விடிய விடிய ஆடுவதற்கு வேண்டிய ஓய்வு கூலி உழைப்பாளருக்கு இல்லாமற் போனமையும் காரணங்களாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, நேரம் சுருக்கப்பட்டு, புதிய கால ஒழுங்குக்கு ஏற்பவே அவை அமைந்தன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பெட்டியின் மீது சுமத்தப்பட்ட பழியிற் பெரும்பகுதி பெட்டிக்கு உரியதன்று.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. கூரைகளும் தென்னைகளும் வீழ்ந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. பற்றரியில் இயங்கும் வானொலியே வெளியுலகின் குரலைக் கேட்க எஞ்சிய வழி. ஆயினும் வானொலி கேட்கும் கருவியேயன்றிப் பேசும் கருவியன்று. தம் நிலையைச் சொல்ல வழியின்றி, தம்மைப் பற்றிக் கொழும்பு சொல்வதைக் கேட்டிருக்க வேண்டிய நிலை அக்கருவியின் அமைப்பிலேயே இருந்தது.

4

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை நுகர்பொருட் சந்தையை மாற்றியமைத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளின் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, யப்பானிய வானொலிகளும் கசற் கருவிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் கடைகளை நிறைத்தன. தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்பிரலில் கொழும்புப் பகுதியில் ஆரம்பித்தது. ரூபவாகினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது.

இதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கான தொழிலாளர் இடப்பெயர்வும் பெருகிற்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் பெண்கள் பெருந்தொகையினர் வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது இப்பெயர்வின் பரிமாணத்தைக் காட்டும். இவர்கள் அனுப்பிய கருவிகள் வீட்டின் அந்தஸ்தைக் குறிக்கும் சின்னங்களாயின. அயலவரின் பொறாமையும் பழிச்சொல்லும் அவற்றைச் சூழ்ந்தன.

ஆனால் அக்கருவிகளின் வேறொரு பயன் நமது எழுத்துகளில் உரிய இடம்பெறவில்லை. எழுதப் பழகாத தாய் தன் குரலைக் கசற்றிற் பதிந்து, ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையிற் கொடுத்தனுப்புவாள். வீட்டார் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டபின், அதே கசற்றின் மேல் தமது மறுமொழியைப் பதிந்து அனுப்புவர். புதிய குரல் பதியப் பழைய குரல் அழியும். எழுத்தறிவின் எல்லையை ஏழை மக்கள் தாமே ஒரு கருவியைக் கொண்டு கடந்தமைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. எனினும் அக்காலப் பொதுக் கருத்தில் கசற் என்பது சினிமாப் பாட்டையே குறித்தது.

போர்க்காலம் கருவிகளின் பொருளை மேலும் மாற்றிற்று. சோதனைச் சாவடிகளிலே பற்றரியும் மின்கம்பியும் சந்தேகப் பொருள்களாயின. வாவி, இரு அதிகாரங்களுக்கிடையிலான எல்லையாயிற்று. 2007 வரை அந்நிலை நீடித்தது. ஒரு கரையில் விற்பனைக்குரிய பண்டம் மறுகரையில் விசாரணைக்குரிய தடயமாகக் கூடிய சூழலில், 'நல்ல பொருள்' என்ற சொல்லுக்கு, சிறிதாய், ஒளித்து வைக்கத்தக்கதாய், மின்சாரமின்றி இயங்குவதாய் இருப்பது என்னும் பொருளும் சேர்ந்தது. சிறிய, உறுதியான, பற்றரி நெடுநேரம் நிற்கும் தொலைபேசிகளை இப்பிரதேச மக்கள் பின்னரும் விரும்பியதில் இந்நினைவுக்குப் பங்குண்டு என்பது நமது கருத்து.

5

இணையச் சேவை இலங்கையில் வணிக அடிப்படையில் 1995இற் தொடங்கியது. அதே ஆண்டில் எண்ணிமக் கைத்தொலைபேசிச் சேவையும் அறிமுகமாயிற்று. இவை மட்டக்களப்பின் சாதாரண குடிமக்களை எட்டியது பெரும்பாலும் 'கொமினிகேசன்' என அவர்கள் அழைத்த கடைகளின் வழியாகவேயாம். வெளிநாட்டு அழைப்பு, பக்ஸ், போட்டோப் பிரதி, பின்னர் இணையம் என யாவும் ஒரே அறையில் விற்கப்பட்டன. நிமிடக் கணக்கிற் காசு அறவிடப்பட்டது. மகளின் குரலைக் கேட்க வந்த முதியவளின் கண் சுவரிலுள்ள மணிக்கூட்டில் இருக்கும். அழுகைக்கும் கட்டணம் உண்டு என்பதை அக்கடைகள் கற்பித்தன. கைத்தொலைபேசி பரவியபின், பதிலளிக்கப்படாத அழைப்பையே குறிப்புமொழியாக்கி, 'மிஸ்ட் கோல்' மூலம் காசின்றிச் செய்தி சொல்லும் முறையை மக்கள் வகுத்தனர். இது கம்பனிகள் திட்டமிடாத பயன்பாடு. பயனாளரின் கருத்து இங்கே செயலாக வெளிப்பட்டது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் கல்லடியையும் நாவலடியையும் தாக்கியபோது, கரையோர மக்களுக்கு எவ்வித எச்சரிக்கையும் கிட்டவில்லை. சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியதற்கும் இக்கரையிற் கடல் புகுந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் நாட்டில் இருந்தன. எச்சரிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. கருவி இருத்தலும் அது மக்களுக்காக இயங்குதலும் வெவ்வேறென்பதை அன்றைய காலை மறக்கமுடியாதவாறு உணர்த்தியது.

மொழிப் பிரச்சினையையும் இங்கு நோக்குதல் தகும். காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், 1930களில் தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்றவர். அவரது மண்ணில் கணினி ஆங்கிலப் பொருளாகவே வந்திறங்கியது. யூனிகோட் நியமம் 1991இலேயே தமிழ் எழுத்துக்கு இடமளித்தபோதும், நடைமுறையில் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களே ஆட்சி செலுத்தின. ஒரு கணினியில் அச்சடித்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத மற்றொன்றில் விளங்காக் குறிகளாகத் தோன்றும். 2005 அளவில் அரசு 'நெனசல' அறிவகங்களை அமைத்தது. ஆயினும், இணையம் ஆங்கிலம் படித்தவருக்குரியது என்னும் கருத்து இலகுவில் மறையவில்லை. அக்கருத்தை அறியாமையென இகழ்ந்தோர் அதன் நியாயத்தை உணரவில்லை. பிற்காலத்திற் குரற்செய்தி அனுப்பும் வசதி வந்தவுடன், அதே மக்கள் எவரும் கற்பிக்காமலே அதனைக் கையாண்டனர். கசற்றிற் பதிந்த குரலுக்குப் பழகியவர்களுக்கு அது பழைய வழக்கமே.

6

இனி, இன்றைய பெற்றோரின் பேச்சில் முதலிடம் பெறும் விளையாட்டுகளுக்கு வருவோம். 'பொங்' என்னும் விளையாட்டு 1972இல் அமெரிக்காவில் வெளியானது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978இல் யப்பானில் வந்தது. நம்மூருக்கு இத்துறை தொலைக்காட்சியோடு பொருத்தும் மலிவான 'ரீவி கேம்' பெட்டிகளாகவே பெரும்பாலும் வந்தது. 1997இல் நொக்கியா தொலைபேசியிற் சேர்க்கப்பட்ட பாம்பு விளையாட்டு, வேறொரு தேவைக்காக வாங்கிய கருவிக்குள் இலவசமாக வந்த முதல் விளையாட்டாகப் பலருக்கு அமைந்தது. அதற்கு இணையம் வேண்டியதில்லை. மேலதிகக் காசும் வேண்டியதில்லை. அதனைப் பற்றிக் கடும் முறைப்பாடு எழாமைக்கு இதுவே காரணம் போலும்.

2017இல் வெளிவந்த 'ஃபிரீ ஃபயர்', 2018இல் வெளிவந்த 'பப்ஜி மொபைல்' ஆகியவை வேறு வகையின. முன்னையது விலை குறைந்த தொலைபேசியிலும் இயங்குமாறு அமைக்கப்பட்டமையால் வறிய குடும்பத்துப் பிள்ளைகளையும் எட்டிற்று. விளையாட்டு இலவசம், அதனுள் விற்கப்படும் உடைகளும் ஆயுத அலங்காரங்களும் காசுக்குரியவை. விளையாடுவதற்கு வேண்டிய டேட்டாவும் காசுக்குரியது. பிள்ளையின் ஓய்வுநேரம் இருமுறை விற்கப்படுகின்றது. இந்தியா 2020 செப்ரெம்பரில் முன்னையதற்கு முன்பாகப் பப்ஜியையும், 2022 பெப்ரவரியில் ஃபிரீ ஃபயரையும் தடைசெய்தது. அத்தடைகளுக்கு அரசு காட்டிய காரணம் தேசப் பாதுகாப்பேயன்றிப் பிள்ளைகளின் நலனன்று.

போர்க்குண விளையாட்டு பிறநாட்டிலிருந்து வந்த தீமை என்பாருமுளர். மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என இருபிரிவாகி மோதுவதை வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' எனும் தமது நூலிற் கவனப்படுத்தியுள்ளார். போர்த்தேங்காயும் அவ்வாறே. அணிசேர்தலும் வெல்லும் வேட்கையும் நமக்குப் புதியனவல்ல. ஆனால் கொம்புமுறிக்குப் பருவம் உண்டு, கண்ணகி வழிபாட்டின் எல்லை உண்டு, முடிவு உண்டு. தொலைபேசி விளையாட்டு முடியாதிருப்பதிலேதான் அதை விற்போரின் இலாபம் தங்கியுள்ளது. வேறுபாடு விளையாட்டின் உள்ளடக்கத்தினும் அதன் உடைமையிலேயே மிகுதியும் உள்ளது.

அளவுமீறிய ஈடுபாட்டால் உண்டாகும் தீங்கை நாம் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. எனினும் அதனை நிர்ணயிக்க, வாழ்வின் ஏனைய கடமைகளைக் கடுமையாகப் பாதிக்கும் நடத்தை வழமையாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும் என்பது விதி. தெருப்பேச்சில் எளிதில் வழங்கும் 'அடிமை' என்ற சொல்லுக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

7

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பொதுக் கருத்துத் தலைகீழாயிற்று. பிள்ளையைக் கெடுப்பதெனக் கூறப்பட்ட கருவியே பள்ளிக்கூடமாயிற்று. அக்கால அரச புள்ளிவிபரங்களின்படி நாட்டில் ஏறத்தாழ ஐந்திலொரு குடும்பத்திடமே கணினி இருந்தது. எனவே பெரும்பாலோருக்கு வகுப்பறை என்பது வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசி. மூன்று பிள்ளைகளுள் எவர் அன்று கற்பது என்பதைத் தாய் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. தகப்பன் அதனைக் கொண்டு தொழிலுக்குப் போனால் வகுப்பு இல்லை.

2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. மின்வெட்டு நாளுக்குப் 13 மணி நேரம் வரை நீண்டது. தொலைபேசி வாங்குவதும் அதற்கு மின்னேற்றுவதும் அரசியற் கேள்விகளாயின. விசை எவர் கையில் என்பதும் வெளிப்படையாயிற்று. 2018 மார்ச்சிலும், மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த 2019 ஏப்பிரல் 21இன் பின்னரும், 2022 ஏப்பிரலிலும் சமூக ஊடகங்கள் அரசினால் முடக்கப்பட்டன. வன்மப் பரப்புரை பெருகிய வேளைகளில் முடக்கத்தை ஆதரித்தோரும் உண்டு. ஆனால் ஊர்வலத்துக்கு அஞ்சிய வேளையிலும் அதே விசை அழுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி எழுந்த அச்சத்தை இவ்வனுபவத்தின் தொடர்ச்சியாகவே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வானொலி, கசற், தொலைக்காட்சி, இணையம், விளையாட்டு என ஒவ்வொன்றும் வந்தபோது 'பிள்ளைகள் கெடுகின்றனர்' என்ற குரல் எழுந்தது. ஒரு தலைமுறையின் கேடு அடுத்த தலைமுறையின் இனிய நினைவாயிற்று. இம்முறைப்பாட்டை உண்டு, இல்லை என்று தீர்ப்பதில் வரலாற்று மாணவனுக்குப் பயனில்லை. நேரம் தம் கையிலிருந்து நழுவுகிறது, மொழி தமதாக இல்லை, விசை எங்கோ தொலைவில் இருக்கிறது என்பவற்றை மக்கள் தமக்குக் கிடைத்த சொல்லாற் கூறினர் என்று கொள்வதே பொருத்தமாகும். அச்சொல், அவர்களுக்கு மிக அண்மையிலுள்ளவனும் எதிர்த்துப் பேச வலுவற்றவனுமாகிய பிள்ளையின் மீது வீழ்ந்தது என்பதே இதிலுள்ள துயரம்.

ஆதலால் இத்துறையில் நாம் செய்யவேண்டிய பணிகள் சில உள. கொமினிகேசன் கடைகளின் விலைப்பலகைகள், ரீலோட் அட்டைகள், எஞ்சியுள்ள குரற் கசற்றுகள் ஆகியவை அழியுமுன் சேகரிக்கப்படல் வேண்டும். முதியோரின் முதல் வானொலி, முதல் தொலைபேசி பற்றிய நினைவுகள் இரு கரைகளிலும் பதிவுசெய்யப்படல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில் இருக்கையில் இது இயலாத காரியமன்று.

கல்லடியிலோ வவுணதீவிலோ ஒரு சிறுவன் இரவு நெடுநேரம் தொலைபேசியில் விளையாடுகின்றான் என்று அவனது பாட்டி முறையிடுகின்றாள். அந்தத் தொலைபேசியை வாங்கியனுப்பியவள் குவைத்திலோ றியாத்திலோ பிறர் பிள்ளையை வளர்க்கும் அவனது தாய். வேலை முடிந்து அவள் அழைக்கும்போது இங்கே நள்ளிரவாகியிருக்கும். அவன் விழித்திருப்பது விளையாட்டுக்காகவா, அழைப்புக்காகவா என்று பாட்டியால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அவளது முறைப்பாட்டைக் கேட்கும் நாம், அவள் பேரனைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அத்தாயை அங்கு அனுப்பிய பொருளாதாரத்தைப் பற்றி எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.